பின்னணியில் நடப்பவர்கள்

கார்ட்டூன் படத்தில் கதாநாயகன் ஆகாயத்தில் பறப்பான். கதாநாயகி மொட்டைமாடியில் நின்று பாடுவாள். அந்த நேரத்தில் அவர்களுக்குப் பின்னால், கீழே சாலையில், யாரோ நாலு பேர் பையைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருப்பார்கள். அந்த நாலு பேரை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். கவனிக்கக் கூடாது என்பதற்காகத்தான் அவர்களை வரைவதே. ஆனால் அவர்களை எடுத்துவிட்டால் மட்டும், இது என்ன ஊர், எல்லோரும் எங்கே தொலைந்தார்கள் என்று உங்களுக்குத் தோன்றிவிடும். இந்தக் கதையில் வருகிறவள் பத்தொன்பது வருடமாக அந்த நாலு பேரை வரைந்து சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தாள்.

ஸ்டுடியோவில் அவளை 'நடை' என்பார்கள். "நடை வந்தாச்சா?", "நடைகிட்டக் குடுத்துடு", "நடைக்கு இன்னிக்கு லீவாம்" என்று சொல்லிச் சொல்லி, அவளுடைய சொந்தப் பெயரை அந்த இடமே மறந்துவிட்டது. முகம் வரைபவர்களுக்கு ஏசி போட்ட தனி அறை. மேகம் வரைபவருக்குக்கூட ஜன்னலோரம் இடம். நடைக்கு மட்டும் கழிவறைக்கும் தண்ணீர் கேனுக்கும் நடுவில் ஒரு மேசை. போகிறவர் வருகிறவர் எல்லாம் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும், அதனால் நடையைப் பார்த்து வரைய வசதியாக இருக்கும் என்று மேலாளர் ஒருமுறை சமாதானம் சொன்னார். சிரிக்காமல் சொன்னார். அதற்குத் தனித் திறமை வேண்டும்.

தொழில் இதுதான். ஒரு நொடிக்கு இருபத்துநாலு படம். சாதாரண மனிதன் ஒரு காலடி வைக்கப் பன்னிரண்டு படம். இடது கால், வலது கால் என்று இரண்டு அடி வரைந்து, கடைசிப் படத்தை முதல் படத்தோடு ஒட்டிவிட்டால் அதைத் திரும்பத் திரும்ப ஓடவிடலாம். அந்த ஆள் உலகம் உள்ளவரை நடப்பான். கால் வலிக்கிறது என்று சொல்ல மாட்டான், எங்கேயும் போய்ச் சேரவும் மாட்டான். சட்டையின் நிறத்தை மாற்றினால் வேறு ஆள் ஆகிவிடுவான்.

ஆனால் எல்லோரும் ஒரே மாதிரி நடந்தால் அது ஊராக இருக்காது, பட்டாளமாகிவிடும். ஆளுக்கு ஒரு நடை வேண்டும். அத்தனை நடைக்கு அவள் எங்கே போவாள்? வெளியே தேடவே இல்லை. வீட்டு ஜன்னலில் உட்கார்ந்து தன் தெருவையே திருடினாள்.

குறுகலான தெரு அது. இரண்டு பக்கமும் மூன்று மாடிக் கட்டடங்கள், மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு வீடுகள், மாடிக்கு ஒரே ஒரு குளியலறை. எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து கையை நீட்டி உப்பு கேட்கலாம், கேட்டுக்கொண்டும் இருந்தார்கள். மேல்வீட்டு அத்தை பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு தோடைத் தொலைத்தாள். அன்று குனிந்த தலை இன்றுவரை நிமிரவில்லை. தரையைத் துழாவிக்கொண்டேதான் நடப்பாள். தபால்காரர் வேகமாக நடப்பதுபோல் கையை மட்டும் வீசிவிட்டுக் காலை மெதுவாக வைப்பார். இவளுடைய கணவர் பூட்டு ரிப்பேர் செய்பவர். மாடிப்படிக்கு அடியில், அலமாரியைவிடக் கொஞ்சம் பெரிய கடை. நாலு அடிக்கு ஒருமுறை பாக்கெட்டைத் தட்டிச் சாவி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார். ஊரார் பூட்டையெல்லாம் திறந்துவிடும் மனிதருக்குத் தன் வீட்டு வாசலில் நிற்க நேர்ந்துவிடுமோ என்று அப்படி ஒரு பயம்.

அப்புறம் தையல்காரர். எதிர்வரிசையில் கீழ்வீடு, வாசலிலேயே மெஷின். சின்ன வயதில் கால் ஒடிந்து, கட்டியவர் கோணலாகக் கட்டிவிட்டார். ஒரு அடி நீளம், ஒரு அடி குட்டை. நடை அவரை ஜன்னலிலிருந்து எண்ணிப் பார்த்திருந்தாள். நீள அடிக்குப் பதினாலு படம், குட்டை அடிக்குப் பத்து. கூட்டினால் அதே இருபத்துநாலு. அதாவது எல்லோரையும்போல ஒரு நொடியில் இரண்டு அடி வைத்துவிடுவார். நடுவில் மட்டும் கொஞ்சம் தாமதம். இதைக் கண்டுபிடித்த நாளில் அவளுக்கு உண்டான சந்தோஷத்தை யாரிடம் சொல்ல முடியும்? கணவரிடம் சொன்னாள். "அவரு கால எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கியா? வேற வேலை இல்லையா உனக்கு?" என்றார். இதுதான் வேலை என்று விளக்க வந்தவள் விட்டுவிட்டாள்.

இப்படி அவளுடைய கம்ப்யூட்டரில் அறுபத்துமூன்று நடைகள் சேர்ந்தன. 'மேல்வீடு', 'தபால்', 'பூட்டு', 'தையல்' என்று ஒவ்வொன்றுக்கும் பெயர். அந்தத் தெரு பத்தொன்பது வருடத்தில் எத்தனையோ படங்களில் நடந்திருக்கிறது. பனி பெய்கிற ஊரில் நடந்திருக்கிறது, செவ்வாய்க் கிரகத்தில்கூட நடந்திருக்கிறது. தெருவுக்கும் தெரியாது, ஸ்டுடியோவுக்கும் தெரியாது.

ஒருநாள் கழுத்தில் டை கட்டிய ஒருவர் ஸ்டுடியோவுக்கு வந்தார். பழைய தெருக்களை இடித்துப் புதுக் குடியிருப்பு கட்டும் கம்பெனியின் ஆள். அந்தக் குடியிருப்புக்கு ஒரு பெயர் இருந்தது. சொல்வதற்குள் நாக்கு இரண்டு இடத்தில் மடங்கும். நாலு நிமிடத்தில் ஒரு கார்ட்டூன் பாட்டு வேண்டும் என்றார்.

"நகர வாழ்க்கையும் கனவும் கலந்து வரணும்," என்றார். "பாக்கறவங்க கண்ணு கலங்கணும். வாழ்க்கை மட்டும் கொஞ்சம் கம்மியா இருந்தாப் போதும்."

ஸ்டுடியோவின் டைரக்டருக்கு இது தேன் குடித்ததுபோல் இருந்தது. அவருக்கு 'கனவு சார்' என்று பட்டப்பெயர். எதைக் காட்டினாலும் இரண்டடி பின்னால் போய், கண்ணைச் சுருக்கி, "நல்லாருக்கு, ஆனா கனவு பத்தல," என்பார். ஒரு தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கூட அப்படிச் சொல்லியிருக்கிறார். அந்தத் தொட்டிக்குப் பிறகு இறக்கை வைத்தார்கள்.

பின்னணி வரைவதற்காகக் கம்பெனி நாற்பது ஷீட் வரைபடம் கொடுத்தது. நடை சும்மா புரட்டினாள். ஏழாவது ஷீட்டில் ஒரு சாலை வளைகிற விதம் தெரிந்த மாதிரி இருந்தது. அந்த வளைவில் தபால்காரர் சைக்கிளிலிருந்து இரண்டு முறை விழுந்திருக்கிறார். விரலை வைத்துக்கொண்டே போனாள். பள்ளிக்கூடம் இருந்தது, பழைய தண்ணீர்த் தொட்டி இருந்தது, அதற்கு அடுத்தாற்போல் அவளுடைய சமையலறை இருக்க வேண்டிய இடத்தில் வட்டமாக ஒரு செயற்கை நீரூற்று இருந்தது.

நாற்பது ஷீட்டையும் மூன்று முறை பார்த்தாள். இடிக்கப்படும் தெருவின் ஆட்கள் எங்கே குடியிருப்பார்கள் என்பது ஒன்றிலும் இல்லை. கனவு சாரிடம் போய்க் கேட்டாள்.

"சார், இங்க இப்ப இருக்கறவங்க எங்க சார் போவாங்க?"

"அது நம்ம ஷீட் இல்லம்மா," என்றார் கனவு சார்.

டை கட்டியவரே அங்கே இருந்தார். "அவங்களுக்கும் வீடு உண்டு," என்றார் கனிவாக. "ஊருக்குக் கொஞ்சம் வெளிய. கடைசி பஸ் ஸ்டாப்புல இறங்கி, கொஞ்சம் நடக்கணும்." அவர் சொன்ன அந்தக் 'கொஞ்சம்' முக்கால் மணி நேர நடை என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

அவள் வீட்டுக்கு வந்தபோது தெருவே கூடி நின்றுகொண்டிருந்தது. வீட்டுக்கு வீடு தாள் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். நூற்றுப் பன்னிரண்டு வீட்டில் எண்பது வீடு கையெழுத்துப் போட்டால் வேலை ஆரம்பமாகும், போடாவிட்டால் ஆகாது. கணவர் தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அதிலிருந்த படத்தை ரசித்துக்கொண்டிருந்தார்.

"ஜன்னல் எவ்வளவு பெருசு பாத்தியா? ஆளே உள்ள பூந்து வரலாம்."

"அந்தப் பிளான்ல நாம இல்லங்க. நான் பாத்தேன். நாப்பது ஷீட்டும் பாத்தேன்."

"பிளான்ல மழைகூடத்தான் இல்ல. அதுக்காக மழை பெய்யாதா?"

இப்படிப்பட்டவரோடு என்ன பேசுவது? நல்லவேளையாகத் தெரு முழுக்க அவரைப்போல் இல்லை. எதிர்ப்பக்கம் தையல்காரர் தாளை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மெஷின் காலுக்கு அடியில் முட்டுக் கொடுத்திருந்தார். "இந்த வாசல்ல நான் உக்காந்திருக்கேன்னு நாலு தெருவுக்குத் தெரியும். அங்க போய் யாருக்குத் தைக்கறது? காக்காய்க்கா?" என்றார். தெருவில் முப்பது வீடாவது அவர் முகத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்கும். அவர் போடாதவரை எண்பது வராது. நடை அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினாள். தெருவைத் தையல்காரர் பார்த்துக்கொள்வார், நாம் நம் வேலையைப் பார்ப்போம் என்று இருந்துவிட்டாள்.

வேலையோ கழுத்தை நெரித்தது. புதிய நகரத்தின் சாலைகளில் இருநூறு பேர் நடக்க வேண்டும், மூன்று வாரத்துக்குள். புதிதாக வரைய நேரமில்லை. வழக்கம்போல் அந்த அறுபத்துமூன்று நடையையும் எடுத்தாள். எடுக்கும்போது கை ஒரு நிமிடம் தயங்கியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிறகு, ஷீட்டில்தான் இடம் இல்லை, படத்திலாவது இவர்கள் அந்த நீரூற்றுப் பக்கம் நடந்துவிட்டுப் போகட்டுமே என்று நினைத்தாள். ஏதோ பெரிய நியாயத்தை நிலைநாட்டிவிட்டவள்போல மனம் நிறைந்துபோய், அத்தைக்குப் பச்சைச் சேலை, தபால்காரருக்கு மஞ்சள் தொப்பி, தையல்காரருக்கு நீலச் சட்டை என்று பார்த்துப் பார்த்து உடுத்திவிட்டாள். முகத்திலும் கொஞ்சம் சாயல் வைத்தாள். பின்னணியில் போகிறவனுக்கு யாராவது சாயல் வைப்பார்களா? பத்தொன்பது வருடத்தில் அவள் வைத்ததில்லை. அதுதான் அவள் செய்த தப்பு.

பாட்டுக்கு இசையமைக்க வந்தவன் சின்ன வயதுக்காரன். காதில் ஹெட்போன் இல்லாமல் அவனை யாரும் பார்த்ததில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டான், தோளைத் தொட வேண்டும். அவன் ஒரு கணக்கு வைத்திருந்தான்: நொடிக்கு இரண்டு தட்டு, தட்டுக்குப் பன்னிரண்டு படம். திரையில் போகிற எல்லோருடைய காலும் தட்டில் விழ வேண்டும். விழுந்தால்தான் பார்ப்பவனுக்குக் காரணம் தெரியாமலே சந்தோஷம் வரும், பாட்டும் படமும் சேர்ந்து ஆளை மயக்குகிற வித்தை அதில்தான் இருக்கிறது என்று சொல்வான். படத்தையும் பாட்டையும் சேர்த்து ஓடவிட்டுப் பார்த்தவன் சட்டென்று நிறுத்தினான்.

"இந்த நீலச் சட்டைக்காரர் மட்டும் ரெண்டு பிரேம் லேட்டா வர்றாரு."

"அவரு அப்படித்தான் நடப்பாரு," என்றாள் நடை. "மாத்திடட்டுமா?"

அவன் மறுபடி ஓட்டினான். மறுபடி ஓட்டினான். பிறகு ஹெட்போனைக் கழற்றினான். ஸ்டுடியோவில் இரண்டு பேர் எழுந்து நின்று பார்த்தார்கள், அவனுக்குக் காது இருந்ததை அன்றுதான் கண்டார்கள்.

"அக்கா, தொடாதீங்க. அவரு லேட் இல்ல. என் பாட்டுதான் அவசரப்படுது."

இரண்டு நாளில் பாட்டையே மாற்றிக்கொண்டு வந்தான். முதல் தட்டு நீளம், அடுத்தது குட்டை. அதுவரை கட்டடத்தைப்போல் நேராக நின்ற பாட்டு, இப்போது தோளைச் சாய்த்து, ஒரு காலைத் தாங்கி, ஆனால் எங்கேயோ போய்ச் சேரத்தான் போகிறேன் என்பதுபோல நடந்து வந்தது. மேகம் வரைபவர் பென்சிலால் மேசையைத் தட்டினார். கனவு சார் இரண்டடி பின்னால் போனார், கண்ணைச் சுருக்கினார். "கனவு..." என்று ஆரம்பித்தவர், "இருக்கு," என்று முடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, தெருமுனைப் பள்ளிக்கூட ஹாலில், படத்தைத் தெருக்காரர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். படம் எடுத்தவர்களில் ஒருத்தி இதே தெருக்காரி என்று கேள்விப்பட்ட டைக்காரர், நடையை முதல் வரிசையில் உட்கார வைத்துவிட்டார். பக்கத்தில் கணவர், புதுச்சட்டை போட்டுக்கொண்டு.

திரையில் விடிந்தது. பாட்டு ஆரம்பித்தது. கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்தன, பால்கனியில் ஒரு பெண் கூந்தலை உலர்த்தினாள், நீரூற்று பீய்ச்சியது. ஹால் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணையோ கட்டடத்தையோ யாருக்கும் தெரியாதே! அப்போது திரையின் ஓரத்தில், பச்சைச் சேலையில் ஒருத்தி தரையைப் பார்த்தபடி நடந்து வந்தாள்.

"யார்டி அது, என்னை மாதிரியே குனிஞ்சிக்கிட்டுப் போறா?" என்றாள் மேல்வீட்டு அத்தை.

"அத்தை, அது நீங்கதான்!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

அவ்வளவுதான். இருநூறு பேர் நடந்த படத்தில் பால்கனிக்காரியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. முதல்முறையாக ஒரு கூட்டம் பின்னணியை மட்டும் பார்த்தது. "தபாலு! தபாலு!" என்று விசில் பறந்தது. கணவர் நாற்காலியிலேயே எழும்பி, "ஏய், நான்டி! பாக்கெட்டத் தட்டறேன் பாரு!" என்று சொல்லி, நிஜமாகவே பாக்கெட்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டார்.

தையல்காரர் சத்தம் போடவில்லை. முன்னால் சாய்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். நீலச் சட்டைக்காரர் நீரூற்றைச் சுற்றிக்கொண்டு வந்தார், ஒரு அடி நீளம், ஒரு அடி குட்டை. பாட்டு அவர் காலுக்குக் காத்திருந்து காத்திருந்து நடந்தது. ஐம்பத்தெட்டு வயதுவரை அந்த மனிதரிடம் எல்லோரும் சீக்கிரம் வா, சீக்கிரம் வா என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். இங்கே ஒரு நகரமே அவருக்காகத் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டது. படம் முடிந்ததும், "இன்னொரு தடவை போடுங்க," என்றார். டைக்காரர் மூன்று தடவை போட்டார். மூன்றாம் தடவை ஹாலே கையைத் தட்டியது, நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று.

பிறகு மேசையில் தாளும் பேனாவும் வைத்தார்கள். நடை நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். எழுந்து நின்றாள். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை, குரல் கிறீச்சிட்டது.

"இது உங்களுக்கான இடம் இல்ல. நான்தான் உங்களை இதுல போட்டேன். யாரும் போடச் சொல்லல. ஆளு பத்தலேன்னு போட்டேன். பிளான்ல நாம இல்ல. நமக்கு வீடு கடைசி பஸ் ஸ்டாப்புக்கும் அந்தப் பக்கம். தயவு செஞ்சு கையெழுத்துப் போடாதீங்க."

டைக்காரர் புன்னகையோடு மைக்கை வாங்கினார். "கலைஞர்களுக்கே உள்ள அடக்கம்," என்றார். "நான் பண்ணலேங்கறாங்க, சும்மாப் போட்டேங்கறாங்க. இவங்களுக்கு ஒரு கைதட்டல் குடுங்க." கொடுத்தார்கள். கூரை அதிரக் கொடுத்தார்கள். கணவர் எல்லோரையும்விட அதிகமாகத் தட்டினார்.

அவள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு தையல்காரரிடம் போனாள். அவர் ஏற்கெனவே மேசைக்கு முன்னால் நின்றிருந்தார்.

"அண்ணே, நீங்களாவது கேளுங்கண்ணே. அது வெறும் படம்."

"என் நடையை நான்கூடப் பாத்ததில்லம்மா," என்றார் அவர். கண் ஈரமாக இருந்தது. "அதையே இவ்வளவு சரியா வரைஞ்சிருக்கே. நான் நடக்கற ரோட்டை மட்டும் பொய்யாவா வரைஞ்சிருப்பே?"

"கால் நான் பாத்தது அண்ணே. ரோடு அவங்க சொன்னது."

"நீ பாத்திருக்கேல்ல, அது போதும்மா," என்று சொல்லிவிட்டுக் குனிந்து கையெழுத்துப் போட்டார். அவருக்குப் பின்னால் முப்பது வீடு வரிசையில் நின்றது. எண்பதாவது கையெழுத்து மேல்வீட்டு அத்தையுடையது. எண்பத்துமூன்றாவது பூட்டுக்காரருடையது, இவளைக் கேட்காமலே.

அடுத்த வாரம் கனவு சார் அவள் மேசைக்கு வந்தார். அவர் கழிவறைக்குத்தான் போகிறார் என்று நினைத்தாள். நின்றார்.

"படம் அவங்க மேலிடத்துக்கு ரொம்பப் பிடிச்சிருக்காம். ஆனா கூட்டத்துல சில ஆளுங்க மட்டும் உறுத்துதாம். குனிஞ்சு ஒண்ணு, விந்தி ஒண்ணு... வீடு வாங்க வர்றவங்க இதைப் பாத்தா, இவங்கதான் நமக்குப் பக்கத்து வீடோன்னு பயந்துடுவாங்களாம். எல்லாரும் நிமிந்து நடக்கட்டும். பன்னண்டு, பன்னண்டு."

"அப்ப தெருவுல போட்டுக் காட்டினது?"

"அது தெருவுக்கும்மா. இது ஊருக்கு."

முடியாது, என் கையால் செய்ய மாட்டேன், வேலையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றெல்லாம் அவள் மனதுக்குள் அழகாகச் சொன்னாள். வாயிலிருந்து வந்தது, "எப்ப வேணும் சார்?" என்பது. அதற்காக அவள் தன்னையே காறித் துப்பிக்கொண்டாள். துப்பிக்கொண்டே செய்தாள். நடையை மாற்றுவது சுலபம். உடை அப்படியே இருக்கும், உள்ளே காலை மட்டும் கழற்றி வேறு கால் மாட்ட வேண்டும். முகத்தில் இருந்த சாயலைத் துடைக்க ஆளுக்கு அரை மணி நேரம். இரண்டு நாளில் தெருவே நிமிர்ந்து நடந்தது. அத்தையின் பச்சைச் சேலைக்குள் யாரோ ஒருத்தி ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு போனாள். பாட்டையும் நேராக்கச் சொன்னபோது ஹெட்போன்காரன் சண்டைக்கு நின்றான். மேலிடமும் அவனிடம் மல்லுக்கு நிற்காமல் பாட்டை அப்படியே விட்டுவிட்டது. பாட்டுதானே, அதற்குக் கால் இருப்பது யாருக்குத் தெரியப்போகிறது?

நாலு மாதத்தில் தெரு தரைமட்டமாயிற்று. ஆட்கள் பாத்திரம் பண்டத்தோடு கடைசி பஸ் ஸ்டாப்பையும் தாண்டிப் போனார்கள். நடை போகவில்லை. ஸ்டுடியோவுக்குப் பக்கத்தில் வாடகைக்கு இரண்டு அறை பிடித்துக்கொண்டாள், வேலைக்குப் போக வசதி என்று எல்லோரிடமும் சொன்னாள். தினமும் காலையில் அவர்கள் முகத்தில் விழிக்கத் தைரியமில்லை என்பதை எப்படிச் சொல்வது? கணவர் கடை போட இடமில்லாமல், ஒரு பூட்டிய ஷட்டருக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். பெரிய ஜன்னலைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. வீட்டில் அவர் இப்படிப் பேசாமல் இருந்தது கல்யாணமாகி இதுவே முதல் தடவை.

படம் ஊரெல்லாம் ஓடியது. தியேட்டரில், பஸ் நிலையத்தில், எல்லோர் செல்போனிலும் அந்தப் பாட்டு. கல்யாண வீட்டில்கூட வாசித்தார்கள்.

ஒரு மதிய வேளை, சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்திருந்தபோது தையல்காரர் போன் செய்தார். பின்னால் நாலைந்து பேர் பேசுகிற சத்தம் கேட்டது.

"நல்லாருக்கியாம்மா? பூட்டுக்காரர் சுகமா?"

"இருக்கோம்ண்ணே. நீங்க?"

"இருக்கேன், இருக்கேன். இங்க துணி தைக்க யாரு வர்றா? பக்கத்து பிளாக்குக்காரங்க நாலு பேரு பேச்சுத்துணைக்கு வருவாங்க. நான் அந்தப் படத்துல வர்றேன்னு சொன்னா சிரிக்கறானுங்கம்மா. அளந்து விடாதய்யாங்கறானுங்க. அதான் இவங்க போன்ல போட்டுப் பாத்துக்கிட்டிருக்கோம். நாலு தடவை பாத்துட்டேன். கண்ணாடி மாத்தணும்போல இருக்கு, என்னையே எனக்குத் தெரியல. நான் எந்த எடத்துல வர்றேன்?"

அவள் சாப்பாட்டு டப்பாவை மூடினாள். ஹாலில் அத்தனை பேர் முன்னால் சொன்ன உண்மையை இப்போது இவர் ஒருவரிடம் சொல்ல வாய் வரவில்லை. அந்த நாலு பேரும் கேட்டுக்கொண்டிருப்பார்களே!

"பல்லவி ரெண்டாவது தடவை வரும் பாருங்க, அப்ப," என்றாள். "நீரூற்றுக்கு இடது பக்கம். நீலச் சட்டை. தூரமா, சின்னதாத்தான் தெரிவீங்க."

போனுக்கு அந்தப் பக்கம் பாட்டு ஓடியது. அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டாள். யாரோ, "எங்க, எங்க?" என்றார்கள். பிறகு தையல்காரரின் குரல் உயர்ந்தது. "இதோ! நீலச் சட்டை! பாத்தியா, பாத்தியா? நான் சொன்னேன்ல?" அந்த நாலு பேரும் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள், இந்தத் தடவை நட்பாக.

பாட்டு நின்றது. அவர் போனைக் காதுக்குக் கொண்டு வந்தது தெரிந்தது. குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, என் காலை நேராக்கிட்டியா?"

கோபமாக இருக்கிறாரோ என்று அந்தக் குரலுக்குள் அவள் தேடினாள். துளிக்கூட இல்லை.

"ரொம்ப அழகா நடக்கறேன்," என்றார் தையல்காரர். "நல்லாருப்பம்மா நீ."